வானொலியின் முன் ஒரு தாய்

2019-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். விடாது பெய்த மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு மாலையில், அஸர் தொழுதுவிட்டு வீடு திரும்பினேன். வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றிருந்தது. இரண்டு பெட்டிகளும், வாய் கட்டிய ஒரு சாக்கு மூட்டையும் திண்ணையில் இறக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் அருகில் என் மகள் நின்றிருந்தாள். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக் கழகத்தில் உயிர் வேதியியல் ஆராய்ச்சி மாணவியாகச் சேரப் புறப்பட்டுப் போனவள், முன்னறிவிப்பு ஏதுமின்றித் திரும்பி வந்திருந்தாள்.

"ஆராய்ச்சி முடிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டேன்.

"ஆராய்ச்சி முடியலை வாப்பா. பணம் முடிஞ்சிருச்சு" என்றாள்.

அவளுடைய வழிகாட்டி ஓய்வு பெற்றுவிட்டார். ஆய்வுக்கான நிதியை நீட்டித்துத் தர உரியவர்கள் மறுத்துவிட்டனர். மாதந்தோறும் வந்துகொண்டிருந்த உதவித் தொகை நின்று ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. எங்களிடம் சொல்லாமல் தோழியரிடம் கடன் வாங்கிக் காலம் தள்ளியிருக்கிறாள். இவற்றையெல்லாம் நான் பின்னரே அறிந்தேன். அந்த மாலையில் என் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான். இருபத்தொன்பது வயதாகிவிட்ட மகள், மணமும் ஆகாமல், பட்டமும் பெறாமல், மூட்டை முடிச்சுகளுடன் வந்து நிற்கிறாள். தெருவில் நான்கு வீட்டுச் சன்னல்கள் திறந்திருக்கின்றன.

"ஆறு வருஷம் போச்சு. கையிலே என்ன இருக்கு?" என்றேன்.

அவள் சாக்கு மூட்டையைக் காட்டினாள். அத்தனையும் ஆய்வுக் குறிப்பேடுகள்.

"பழைய பேப்பர்காரனுக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவன் நான். கல்வியைத் தேடுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமை என்று எத்தனையோ மீலாது மேடைகளில் முழங்கிக் கைதட்டல் பெற்றவன். அந்தச் சொற்களெல்லாம் என் சொந்தத் திண்ணையை எட்டியபோது எவ்வளவு சுருங்கிப் போயின என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவள் மறுமொழி பேசவில்லை. மூட்டையைத் தானே பரணில் ஏற்றினாள். சில மாதங்களில், பக்கத்து நகரிலுள்ள ஒரு பெண்கள் கல்லூரியில் ஆசிரியை வேலை தேடிக்கொண்டாள்.

*

மறு ஆண்டு கொரோனா வந்தது. 2021-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு நம் நாட்டில் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். என்னைவிட எட்டு வயது மூத்த என் ராத்தா ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "ஊசி போட்டுக்கிடலாமா தம்பி? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களே."

அந்நாட்களில் கைப்பேசி வழியாக வராத வதந்தி இல்லை. ஊசியால் மரபணு மாறிவிடும், சந்ததி அற்றுப் போகும் என்றெல்லாம் வந்தவற்றை நானும் படித்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அவற்றுள் ஒன்றைச் சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகனுக்கு நானே அனுப்பியுமிருந்தேன்.

அருகில் இருந்த என் மகள், "மாமி, பயப்படாமப் போட்டுக்கிடுங்க" என்றாள். ஏன் பயப்பட வேண்டியதில்லை என்பதையும் விளக்கத் தொடங்கினாள். நான் குறுக்கிட்டேன். "முடிக்காத படிப்பை வச்சு முடிவு சொல்லாதே" என்றேன். பிறகு ராத்தாவிடம், "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்றேன்.

ராத்தா பொறுத்துப் பார்த்தார். மே மாதத்து இரண்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல் கண்டது. பன்னிரண்டாம் நாள் அவருடைய ஜனாஸாவை ஆறு பேர் நின்று அடக்கம் செய்தோம். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். ஆனால் அறிந்தவள் ஒருத்தி என் வீட்டிலேயே இருந்தாள் என்பதும், அவள் வாயை அடைத்தவன் நான் என்பதும் எனக்குத் தெரியும்.

என் மகன் மட்டும் நான் அனுப்பிய செய்தியை நம்பாமல் தங்கையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டிருக்கிறான். அவள் சொன்னபடி அங்கே ஃபைசர் ஊசியை இரண்டு தவணைகளிலும் போட்டுக்கொண்டான். இதை அவன் என்னிடம் சொன்னது ஓராண்டு கழித்துத்தான்.

*

2023-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள். அந்த ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இருவருக்குப் பகிர்ந்து அளிக்கப்படுவதாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். கத்தலின் கரிக்கோ என்னும் அம்மையார் ஒருவர், துரூ வைஸ்மன் என்னும் மருத்துவர் மற்றொருவர். மருத்துவத்துக்கான அப்பரிசைப் பெற்ற 13-ஆவது பெண்மணி அவர். செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்த என் மகளின் கண்கள் நிறைந்து வழிந்ததைக் கண்டு திகைத்தேன்.

"உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டேன்.

"அவங்க கட்டுரையைப் படிக்காம எங்க பாடத்துலே ஒருத்தரும் வெளியே வர முடியாது வாப்பா" என்றாள்.

அன்று மஃரிபுக்குப் பின் தொடங்கிய பேச்சு இஷாவுக்குப் பின்னும் நீண்டது. என் மகள் பேச, நான் குறுக்கிடாமல் கேட்ட முதல் நாள் அதுதான்.

ஹங்கேரி நாட்டில் 1955-ஆம் ஆண்டு பிறந்தவர் கரிக்கோ அம்மையார். கிஷூய்சாலாஷ் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். தந்தை கசாப்புக் கடைக்காரர், தாய் கணக்கெழுதுபவர். மண் சுவர் எழுப்பிய சிறிய வீட்டில் குழாய்த் தண்ணீர் இல்லை, குளிர்பதனப் பெட்டி இல்லை, தொலைக்காட்சி இல்லை. தந்தை அறுக்கும் பிராணிகளின் உள்ளுறுப்புகளை அருவருப்பின்றி ஆவலோடு பார்த்து நிற்பாராம் அந்தச் சிறுமி. செகெட் நகரத்துப் பல்கலைக் கழகத்தில் பயின்று டாக்டர் பட்டம் பெற்று, அந்நகரிலேயே ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் பணியாற்றினார். 1985-இல் நிதி வற்றிப் போயிற்று. வேலை இனி இல்லை என்ற செய்தி அவருக்கு எட்டியது, அவருடைய முப்பதாவது பிறந்த நாளன்று.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் ஓர் ஆராய்ச்சி வேலை கிடைத்தது. அந்நாளைய ஹங்கேரிச் சட்டப்படி நூறு டாலருக்கு மேல் நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது. காரை விற்றுக் கிடைத்த பணத்தை, இரண்டு வயது மகளின் கரடிப் பொம்மைக்குள் வைத்துத் தைத்து, கணவருடன் விமானம் ஏறினார். திரும்பி வருவதற்குப் பயணச் சீட்டு எடுக்கவில்லை.

1989-இல் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அன்று முதல் அவர் கையில் எடுத்த பொருள் ஒன்றே ஒன்று: தூது ஆர்.என்.ஏ.

அது என்ன என்று கேட்டேன். என் மகள் சற்று யோசித்துவிட்டு, நம் வீட்டுப் பேச்சிலேயே சொன்னாள்.

கலியாண வீட்டில் பண்டாரிக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறோம் அல்லவா? குடும்பத்தின் சமையல் பக்குவங்களெல்லாம் எழுதிய பெரிய ஏடு உள்ளறை இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அதை அடுப்படிக்கு எடுத்துச் செல்ல மாட்டோம். வேண்டிய பக்குவத்தை மட்டும் ஒரு சீட்டில் பார்த்தெழுதிக் கொடுப்போம். பண்டாரி அதைப் பார்த்துச் சமைப்பார். வேலை முடிந்ததும் சீட்டு அடுப்போடு போய்விடும். உயிரணுவின் உள்ளறையில் இருக்கும் ஏடுதான் டி.என்.ஏ. வெளியே வரும் சீட்டுதான் தூது ஆர்.என்.ஏ. சமைத்துக் கிடைக்கும் பண்டம்தான் புரதம்.

சீட்டை நாமே எழுதிக் கொடுத்தால், உடம்பே தனக்கு வேண்டிய மருந்தைச் சமைத்துக்கொள்ளாதா? இதுதான் கரிக்கோ அம்மையாரின் கேள்வி. கேள்வி எளியது, ஆனால் தடை பெரியது. வெளியிலிருந்து வரும் சீட்டைக் கண்டதும் உடம்பின் வாயிற்காவலர்கள், பகைவன் அனுப்பிய ஓலை என்று கருதி அமளி செய்தார்கள். உடம்பில் வீக்கமும் அழற்சியும் கண்டன. சீட்டும் எளிதில் சிதைந்துபோகும் தன்மையது. ஆகவே இது நடக்கிற காரியமன்று என்று அறிஞர்கள் பலரும் ஒதுங்கிக்கொண்டனர்.

நிதி கேட்டு அம்மையார் அனுப்பிய விண்ணப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. நிதி கொண்டுவராதவருக்கு அங்கே மதிப்பில்லை. 1995-இல் அவரைப் பதவியில் கீழே இறக்கினார்கள். அதே வேளையில் அவருக்குப் புற்றுநோயாக இருக்குமோ என்று மருத்துவர்கள் ஐயுற்றார்கள். கணவரோ விசாச் சிக்கலில் ஹங்கேரியில் அகப்பட்டுக் கொண்டிருந்தார். விட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருக்கலாம். அவர் இறங்கிய படியிலேயே நின்று வேலையைத் தொடர்ந்தார். பரிசோதனை மேசை இங்கேதானே இருக்கிறது என்பது அவருடைய எண்ணம்.

1990-களின் பிற்பகுதியில் ஒரு நாள், நகல் எடுக்கும் இயந்திரத்தின் அருகில் துரூ வைஸ்மனைச் சந்தித்தார். எய்ட்சு நோய்க்குத் தடுப்பூசி காண முயன்றுகொண்டிருந்த மருத்துவர் அவர். நீங்கள் கேட்கும் ஆர்.என்.ஏ.வை நான் செய்து தருகிறேன் என்றார் அம்மையார். இருவரும் சேர்ந்து உழைத்தார்கள். அப்போது ஒரு நுட்பம் புலப்பட்டது. ஆர்.என்.ஏ.வில் வேறொரு வகை உண்டு. அதைக் கண்டு காவலர்கள் அமளி செய்வதில்லை. ஏன்? அதன் எழுத்துகள் பல இடங்களில் சற்றே மாற்றி எழுதப்பட்டிருந்தன. அம்மாற்றங்களுள் ஒன்றின் பெயர் சூடோயூரிடின். யூரிடின் என்னும் எழுத்தில் உள்ள அதே அணுக்கள்தாம் அதிலும் உள்ளன. இணைந்திருக்கும் விதம் மட்டுமே வேறு. அந்த எழுத்தைக் கொண்டு சீட்டை எழுதிப் பார்த்தார்கள். வீட்டு மனிதரின் கையெழுத்தைக் கண்டாற்போலக் காவலர்கள் வழிவிட்டார்கள். பிறகு நடந்த ஆய்வில், அப்படி எழுதிய சீட்டுக்குப் புரதமும் மிகுதியாகக் கிடைப்பது தெரிந்தது.

2005-ஆம் ஆண்டு இந்தக் கட்டுரை வெளியாயிற்று. முதலில் அனுப்பிய புகழ்பெற்ற இதழ், இது சிறு முன்னேற்றமே என்று சொல்லித் திருப்பிவிட, வேறோர் இதழ் அதை வெளியிட்டது. நாளை முதல் நம் தொலைபேசி ஓயாது ஒலிக்கும் என்று வைஸ்மன் எதிர்பார்த்தாராம். ஒருவரும் அழைக்கவில்லை.

2013-இல் ஒரு நாள் ஆய்வகத்துக்குப் போன அம்மையார், தம்முடைய பொருள்களெல்லாம் நடைபாதையில் வைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். அந்த இடம் வேறொருவருக்குத் தேவைப்பட்டதாம்.

இந்த இடத்துக்கு வந்ததும் என் மகள் சற்று நிறுத்தினாள். நான் பரணை நிமிர்ந்து பார்த்தேன். அவளும் பார்த்தாள். இருவரும் எதுவும் பேசவில்லை.

*

அந்த ஆண்டே கரிக்கோ அம்மையார் ஜெர்மனிக்குப் போனார். மைன்ஸ் நகரில் பயான்டெக் என்னும் சிறிய நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. அதை 2008-இல் பிறருடன் சேர்ந்து தொடங்கியவர்கள் ஊர் சாஹின், ஓஸ்லெம் துரேசி என்னும் கணவனும் மனைவியும். இருவரும் துருக்கிய வழித்தோன்றல்கள். சாஹின் நான்கு வயதில் துருக்கியிலிருந்து ஜெர்மனிக்கு வந்தவர். அவருடைய தந்தை கார்த் தொழிற்சாலைத் தொழிலாளி. பிழைப்புக்காகப் பிறந்த மண்ணைவிட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், பிழைப்புக்காக மண்ணைவிட்டு வந்த ஒரு பெண்ணின் அறிவை மதித்தார்கள். கடல் கடந்து பிழைக்கும் நம் சமூகத்துக்கு இது புரியாத கதையன்று.

துருக்கியையும் தடுப்பூசியையும் பற்றிய பழைய வரலாறு ஒன்று இவ்விடத்தில் என் நினைவுக்கு வருகிறது. துருக்கியில் மூதாட்டிகள் அம்மைப் பாலைக் கீறலில் வைத்துப் பிள்ளைகளைப் பெரியம்மையிலிருந்து காத்து வந்ததை, 1717-இல் அங்கிருந்த ஆங்கிலத் தூதரின் மனைவி மேரி மாண்டகு சீமாட்டி கண்டு ஊருக்கு எழுதினார். பின்னர் 1721-இல் லண்டனில் தம் மகளுக்கே அதைச் செய்வித்தார். ஜென்னர் பசு அம்மைப் பாலைக் கொண்டு தடுப்பூசி கண்டது 1796-இல். ஜென்னரை உலகம் அறியும். அந்த மூதாட்டிகளில் ஒருவர் பெயரும் எழுதி வைக்கப்படவில்லை.

2020-ஆம் ஆண்டு ஜனவரியில் கொரோனாக் கிருமியின் மரபணு வரிசை உலகுக்கு வெளியிடப்பட்டது. முப்பது ஆண்டுகளாக எவருக்கும் வேண்டாதிருந்த அறிவு அப்போது கைக்கு ஆயத்தமாக இருந்தது. கிருமியின் மேலுள்ள முள்ளை மட்டும் சமைக்கச் சொல்லும் சீட்டு எழுதப்பட்டது. கரிக்கோவும் வைஸ்மனும் கண்ட வழியில் மேலும் திருத்திய ஓர் எழுத்தை அதில் கையாண்டார்கள். வேறு அறிஞர்கள் பல்லாண்டுகள் உழைத்து உருவாக்கிய கொழுப்பு உறை ஒன்றில் அதை வைத்து அனுப்பினார்கள். முள்ளைக் கண்டு பழகிய காவலர்கள் மெய்யான கிருமி வந்தபோது அடையாளம் கண்டுகொண்டார்கள். சீட்டு சில நாட்களில் அழிந்துபோகிறது. ஏடு இருக்கும் உள்ளறைக்குள் அது நுழைவதே இல்லை.

"ஏடு இருக்கிற அறைக்குள்ளே போகாத சீட்டு, ஏட்டை எப்படி மாத்தும் வாப்பா? இதைத்தான் அன்னிக்கு மாமிகிட்டே சொல்ல வந்தேன். நம்ம ஊர்லே போட்டது வேற வகை ஊசி; அதுவும் ஏட்டை மாத்தாது" என்றாள். குற்றம் சாட்டும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

2020 நவம்பரில், நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் நடத்திய சோதனையின் முடிவு வந்தது. நோய் காணாமல் காக்கும் திறன் 95 விழுக்காடு. முடிவு தெரிந்த அன்று அம்மையார் சாக்கலேட்டில் தோய்த்த வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றைத் தனியாகத் தின்று தீர்த்தாராம். அவருடைய கொண்டாட்டம் அவ்வளவுதான்.

*

அன்றிரவு என் மகள் சொன்னவற்றுள் என்னைத் தூங்கவிடாமல் செய்தது விஞ்ஞானம் அன்று. ஒரு தாயின் செய்தி.

ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் நோபல் பரிசு அறிவிப்பு வரும்போது, கரிக்கோவின் தாயார் ஹங்கேரியில் வானொலியின் முன் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பாராம். உன் பெயரைச் சொல்வார்களோ என்று பார்க்கிறேன் என்று மகளிடம் சொல்வாராம். மகள் சிரித்து, நான் பேராசிரியைகூட இல்லையே அம்மா, எனக்கு ஒரு நிதியுதவியும் கிடைப்பதில்லையே என்பாராம். நீ அவ்வளவு உழைக்கிறாயே என்பது தாயின் மறுமொழி. அந்தத் தாய் 2018-இல் காலமாகிவிட்டார். மகளின் பெயரை வானொலி சொன்னது ஐந்து ஆண்டுகள் கழித்து.

ஆர்.என்.ஏ. என்னவென்று அந்தத் தாய் எவ்வளவு அறிந்திருப்பார்? கணக்கெழுதும் வேலை பார்த்தவர். ஆனால் பல்கலைக் கழகத்துப் பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் அம்மையாரை, எவ்வளவு பணம் கொண்டுவந்தாய் என்று கேட்டு எடை போட்டார்கள். தாய் அவருடைய உழைப்பை மட்டும் பார்த்தார். நானும் ஒரு பெண்ணைப் பெற்றவன். அவள் திரும்பி வந்த அன்று பெரியவர்களின் கேள்வியைத்தான் கேட்டேன்.

இதைப் படிப்பவர்கள், பொறுத்திருந்தால் ஒரு நாள் பரிசு வரும் என்பதுதான் இக்கதையின் படிப்பினை என்று கொண்டுவிடக் கூடாது. ஆராய்ச்சிக்கூடங்களிலிருந்து பொருள்கள் நடைபாதைக்கு வந்த எத்தனையோ பேரின் பெயர்களை எந்த வானொலியும் சொல்லவில்லை. இனியும் சொல்லப் போவதில்லை. கொரோனா வராதிருந்தால் கரிக்கோவின் பெயரும் அவர் துறையாருக்கு அப்பால் தெரிந்திருக்காது. ஆனால் அப்போதும் 2005-ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் எழுதியது உண்மையாகவே இருந்திருக்கும். உண்மை மெய்ப்பட உலகத்தின் கைதட்டல் தேவையில்லை. அதைத் தேடுபவருக்கோ, வீட்டில் ஒருவராவது காது கொடுக்க வேண்டியிருக்கிறது. கரிக்கோவுக்குத் தாய் இருந்தார். பொறுமையான கணவரும் இருந்தார். நம் வீடுகளில் படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு யார் இருக்கிறோம்?

மறுநாள் சுபுஹுக்குப் பின் ஏணி வைத்துப் பரணில் ஏறினேன். எழுபது வயதில் செய்யத்தக்க காரியமன்று. மூட்டையின் அடியைக் கரையான் தொட்டிருந்தது. பதினான்கு குறிப்பேடுகளில் இரண்டு போய்விட்டன, பன்னிரண்டு பிழைத்தன. வெயிலில் உலர்த்தித் தூசி தட்டி, என் கண்ணாடி அலமாரியில், மேடைகளில் எனக்குக் கிடைத்த கேடயங்கள் இருந்த தட்டில் அவற்றை அடுக்கினேன். கேடயங்கள் பரணுக்குப் போயின.

கல்லூரிக்குப் புறப்பட வந்தவள் அலமாரியின் முன் நின்றாள். போன இரண்டும் எந்த ஆண்டுக்குரியவை என்று எண்ணிப் பார்த்தாள். முகம் சற்று வாடியது.

"இதிலே என்ன எழுதியிருக்கேன்னு எனக்குச் சொல்லித் தர்றியாம்மா?" என்று கேட்டேன்.

"ஒரு நாள்லே முடியாது வாப்பா."

"எனக்கு வேற வேலை இல்லை" என்றேன்.

அன்று மாலை முதல் குறிப்பேட்டைத் திறந்தோம்.